மாத்தரை வைரம்

சுல்தான் பீவி வளையல் எடுக்க வந்தால், மதுரை விளக்குத்தூண் பக்கத்து மொத்தக் கடைக்காரர் ஒரு பெருமூச்சு விட்டுத் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிடுவார். மற்ற வளையல்காரிகள் கட்டுக் கட்டாக வாங்கிக் கூடையில் அடுக்கிக்கொண்டு போய்விடுவார்கள். இவள் கட்டை அவிழ்ப்பாள். ஒவ்வொரு வளையலையும் விரலில் தொங்கவிட்டு, நகத்தால் சுண்டி, காதருகே கொண்டுபோய்க் கேட்பாள். கீறல் விழுந்த கண்ணாடி ஊமைச் சத்தம் போடும். அதை எடுத்துக் கடைக்காரர் பக்கமாகத் தள்ளி வைப்பாள். பிறகு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, உள்ளே குமிழி ஏதும் இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள்.

"என்னம்மா, வளையலுக்குச் சம்பந்தம் பேசுற மாதிரி பார்க்குறீங்க?" என்று கடைக்காரர் ஒருமுறை கேட்டார்.

"பொண்ணு பார்க்க இம்புட்டு நேரம் வேணாம் பாய். மனுசன் பொய் சொன்னா மூஞ்சியில தெரிஞ்சிரும். கண்ணாடிக்கு மூஞ்சியே கெடையாதே" என்றாள்.

மனிதர்களிடமும் அவள் அப்படித்தான். பால்காரன் அளந்து ஊற்றியபின் ஒரு விரலை முக்கிப் பார்ப்பாள். யாராவது அவளைப் புகழ்ந்தால், இவன் எதற்கு அடிபோடுகிறான் என்று அன்று முழுக்க யோசிப்பாள். இந்தக் குணம் பிறவியில் வந்ததில்லை. தகப்பனும் தாயும் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. தம்பி பீர் முகமது நடக்கப் பழகிக்கொண்டிருந்தான். மறு வருஷம் வந்த காலராவில் புருஷனும் மவுத்தாகிவிட்டார். துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருத்தர் பித்தளை அண்டாவை இரவல் வாங்கிப் போனார். இன்னொருத்தர் வீட்டுப் பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொல்லி வாங்கிப் போனார். இரண்டும் திரும்பி வரவில்லை. அன்றைக்குப் பிடித்துக்கொண்ட குணம் அது.

காஜிமார் தெருப் பக்கத்துச் சந்தில் ஒரு சிறு வீட்டில் இருந்துகொண்டு, வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக் கூடையைத் தூக்கிக்கொண்டு திருப்பரங்குன்றம் வரைக்கும் நடந்து வளையல் விற்றாள். மூன்றாம் வகுப்புவரை படித்தவள். தம்பியைப் பள்ளிக்கூடம் அனுப்பினாள். மில்லில் பிட்டர் வேலைக்குச் சேர்த்துவிட்டாள். "இத்தனை வருச யாவாரத்துல என்னைய ஒருத்தன் ஏமாத்துனதில்ல" என்று சொல்லிக்கொள்வதில் அவளுக்கு இருந்த பெருமை, தம்பி பிட்டரானதில் இருந்த பெருமைக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

அப்படிப்பட்டவள், இரண்டாவது உலக யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால், மேலூரில் ஒரு கூடத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தையை விட்டுவிட்டாள்.

பீர் முகமதுக்குப் பெண் பேசியது மேலூர் அரிசி மண்டிக்காரர் வீட்டில். பெண் மெஹருன்னிசா. அவளுடைய தாய் ஜெயினம்பு நல்ல மனுஷிதான். ஆனால் சிரிக்கும்போது ஒரு பக்க உதடு மட்டும்தான் சிரிக்கும். பேச்செல்லாம் முடிந்து நிச்சயத்துக்கு நாள் குறிக்கும் நேரத்தில் அவள் சொன்னாள்:

"பொண்ணு கையில நீங்க போடுற மோதிரத்தைப் பத்தி நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம். மூத்தவளுக்கு மாப்பிள்ளை வீட்டுல கெம்புக்கல்லு வச்சுப் போட்டாக. நீங்க ஒங்களால முடிஞ்சதப் போடுங்க."

அந்த 'முடிஞ்சத' என்ற சொல்லும் அந்த ஒரு பக்க உதடும் சுல்தான் பீவியைக் குத்திவிட்டன. வளையல்காரி தம்பிதானே என்று நினைக்கிறாள் என்று அவளுக்குத் தோன்றியது.

"கெம்பு என்ன சம்மந்தி, நாங்க வைரமே போடுறோம்" என்றாள்.

கூடத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயினம்புவின் மறுபக்க உதடும் கொஞ்சம் அசைந்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது விஷயத்தைக் கேட்ட பீர் முகமது வாயைப் பிளந்தான்.

"வைரமா? அக்கா, நம்ம வீட்டுல மண்ணெண்ணெய் வெளக்கே ஒண்ணுதான் இருக்கு."

"அதுக்கும் இதுக்கும் என்னடா?"

"வைரத்தைப் பார்க்க வெளிச்சம் வேணாமா?"

"சிரி, சிரி. சொன்ன சொல்ல நான் காப்பாத்துவேன். சின்னதா ஒரு கல்லு. சீட்டு எடுத்தாச் சமாளிச்சிரலாம். ஆனா எவனும் என் தலையில கண்ணாடியைக் கட்டிறக் கூடாது. அதத்தான் பார்க்கணும்."

தெற்காவணி மூல வீதியின் பெரிய நகைக்கடைகளுக்குள் அவள் நுழையவில்லை. அங்கே நாற்காலி போட்டு உட்கார வைத்து சோடா கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். சும்மா சோடா கொடுக்கிறவன் அந்தக் காசை எதில் எடுப்பான் என்பது அவளுடைய கேள்வி. அந்த வீதியை ஒட்டிய ஒரு சந்தில் பட்டறை வைத்திருந்த சுடலை ஆசாரியிடம் போனாள். அவர் கல் பதிக்கிறவர். சில்லறையாகக் கல்லும் வாங்கி விற்பார்.

ஆசாரி ஒரு காகித மடிப்பைப் பிரித்து, எள்ளைவிடச் சற்றுப் பெரிய ஒரு கல்லைக் கறுப்புத் துணியில் வைத்தார்.

"ஒங்க கைக்கு இதுதான் தோதுப்படும் ஆத்தா. நல்ல கல்லு. ஆனா உள்ளாற ஒரு சின்னப் புள்ளி இருக்கு. அதனாலதான் இந்த விலைக்கு வருது. புள்ளி இல்லாட்டி என்னாலயே வாங்க முடியாது."

சுல்தான் பீவி கல்லைப் பார்க்கவில்லை. ஆசாரியைப் பார்த்தாள். தன் சரக்கில் குறை இருக்கிறது என்று காரணமில்லாமல் தானே சொல்லும் வியாபாரியை அவள் இதுவரை கண்டதில்லை. வளையல் வியாபாரத்தில் சிலர் தாங்களே ஒரு சின்னக் கீறலைக் காட்டிக் கொடுப்பது உண்டு. அது வாடிக்கைக்காரி பெரிய கீறலைப் பார்த்துவிடாமல் இருப்பதற்காக.

"ஒரு புள்ளியத்தான் சொல்றீரு. சொல்லாதது எத்தனை?"

ஆசாரி சிரித்தார். "சந்தேகமா இருந்தா வீட்டுக்குக் கொண்டு போங்க. மூணு நாள் வச்சிருந்து ராசி பாருங்க. எல்லாரும் அப்படித்தான் செய்வாக. வீட்டுல நல்லது நடந்தா வச்சுக்குங்க. கெட்ட கனாக் கினா வந்தாத் திருப்பிக் குடுத்துருங்க."

"எங்கள்ல ராசியெல்லாம் பார்க்கிறதில்ல. ஆமா, காசு வாங்காமயா குடுப்பீரு?"

"காசு என்னத்துக்கு? ஒங்களத் தெரியாதா? வளையல்காரம்மான்னா ஊருக்கே தெரியுமே."

அதுதான் வினையாகப் போனது. வைரத்தைக் காசில்லாமல் கையில் கொடுத்து அனுப்புகிறவன் எப்படிப்பட்டவன்? மூன்றாம் நாள் திருப்பிக் கொடுக்கும்போது, 'இது நான் தந்த கல்லே இல்ல, நீ மாத்திட்ட' என்று ஊரைக் கூட்டினால் யார் சாட்சி? அவள் கைகளைத் துப்பட்டிக்குள் இழுத்துக்கொண்டாள், அந்தக் கல் தானாக வந்து கையில் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல.

"யோசிச்சுச் சொல்றேன் ஆசாரியாரே" என்று எழுந்து வந்துவிட்டாள்.

அந்த வாரமே ஷேக் தாவூது கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தான். செத்துப்போன புருஷனுக்குச் சித்தப்பா மகன். அங்கே ஒரு புடவைக் கடையில் கணக்கு எழுதுகிறவன். வரும்போதெல்லாம் சோப்பு, வாசனைத் தைலம், குடை என்று ஏதாவது கொண்டுவந்து சொந்தக்காரர்களிடம் விற்றுவிட்டுப் போவான். போன தடவை அவன் விற்ற குடை முதல் மழையிலேயே சாயம் போனது. அதனால் அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தபோது சுல்தான் பீவி கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

"மதினி, வைரம் தேடுறீகன்னு கேள்விப்பட்டேன். இதப் பாருங்க."

பொட்டலத்தில் இருந்த கல், ஆசாரி காட்டியதைப்போல இரண்டு மூன்று மடங்கு பெரிது. கதவிடுக்கு வெளிச்சத்தில் அது போட்ட போடு, சுவரில் சிவப்பும் நீலமுமாகத் தெறித்தது.

"இம்புட்டுப் பெரிசா? வெலை?"

அவன் சொன்ன விலை, ஆசாரி சின்னக் கல்லுக்குச் சொன்னதைவிடக் குறைவு.

"அப்ப இது கண்ணாடி. எடுத்து உள்ள வையி."

"அல்லாவே! சும்மா வைரம்னு நெனச்சீகளா? இது மாத்தறை வைரம் மதினி, மாத்தறை! அங்க பெரிய பெரிய ஆளுக வீட்டுல எல்லாம் இதான். அங்கனயே தோண்டி எடுக்கிறதால வெலை சல்லிசு."

மாத்தறை என்பது இலங்கையின் தென்கோடியில் இருக்கும் ஒரு கடற்கரை ஊர். சுல்தான் பீவிக்கு அது தெரியாது. அவள் காதில் அது 'மாத்தரை' என்று விழுந்தது. சொக்கத் தங்கத்தைப் பத்தரை மாற்று என்று சொல்வதை அவள் பிறந்தது முதல் கேட்டிருக்கிறாள். தங்கத்துக்குப் பத்தரை மாத்து இருப்பதுபோல வைரத்துக்கு மாத்தரை இருக்கும்போல என்று எடுத்துக்கொண்டாள். சும்மா வைரம் வேறு, மாற்றுப் பார்த்த வைரம் வேறு. அவன் அதை இரண்டு தரம் அழுத்திச் சொன்னதும் அவள் நினைப்புக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆசாரி தன்னுடைய கல்லைப் பற்றி மாத்தைக் குறித்து ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. சொல்ல முடிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாரா?

ஆனாலும் அவள் சுல்தான் பீவி அல்லவா? கூடையிலிருந்து ஒரு பச்சை வளையலை எடுத்தாள். வைரம் கண்ணாடியை அறுக்கும் என்று கேட்டிருந்தாள். கல்லை இறுகப் பிடித்து வளையலின்மேல் ஒரு இழு இழுத்தாள். கிறீச்சென்று வெள்ளைக் கோடு விழுந்தது. நகத்தால் தேய்த்தாள், கோடு போகவில்லை. இரண்டு கை அழுத்தி வளையலை ஒடித்தாள். சரியாக அந்தக் கோட்டிலேயே ஒடிந்தது.

யார் சொன்னதையும் நம்பாதவள், தன் கையால் செய்து பார்த்ததை நம்பினாள். கண்ணாடியைக் கீறுவதற்கு வைரம்தான் வேண்டும் என்பதில்லை, எத்தனையோ வெள்ளைக் கற்கள் கீறும் என்பது கண்ணாடியோடே வாழ்ந்த அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் கூடையில் கல் கிடையாதே.

மோதிரம் கட்ட மறுபடி சுடலை ஆசாரியிடம்தான் போக வேண்டியிருந்தது. வேறு ஆசாரியிடம் போனால் அவர் எப்படித் திருடுவார் என்பதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். இவரைப் பற்றியாவது ஏற்கெனவே சந்தேகப்பட்டாகிவிட்டது. கல்லை மாற்றிவிடக் கூடாது என்பதற்காகப் பட்டறை வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். ஆசாரி ஊதுகுழலை எடுத்தால் குழலுக்குள் பார்த்தாள். அவர் குனிந்தால் இவளும் குனிந்தாள்.

"ஆத்தா, கொஞ்சம் தள்ளி இருங்க. நெருப்பு தெறிக்கும்."

"தெறிச்சாத் தெறிக்கட்டும்."

ஆசாரி கல்லைச் சாமணத்தால் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியதைச் சுல்தான் பீவி கவனித்தாள். தன்னிடம் வாங்காத வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டாள்.

"இது... மாத்தறைக் கல்லுல்ல?" என்று மெதுவாகக் கேட்டார் ஆசாரி.

சுல்தான் பீவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஆமாய்யா, மாத்தரையேதான்! பார்த்ததுமே கண்டுபிடிச்சிட்டீரே!"

"தெரிஞ்சுதான் வாங்குனீகளா?"

"தெரியாம வாங்க என்னைய யாருன்னு நெனச்சீரு?"

"இல்ல, நிச்சயத்துக்கு வைரம் போடணும்னு சொன்னீகளே, அதான்..."

"அதுக்குத்தான்யா இது. சும்மா வைரமாப் போடக் கூடாதுன்னுதான் இதை வாங்குனது."

ஆசாரி அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். வசதி இல்லாத குடும்பங்கள் வைரத்துக்குப் பதிலாக இலங்கைக் கல்லைக் கட்டிப் போடுவது அவருக்குப் புதிதல்ல. எல்லாம் தெரிந்து செய்கிற அம்மாவிடம் அதை விளக்கிச் சொல்லி மானத்தை வாங்குவானேன்? "அப்பச் சரி ஆத்தா" என்று வேலையில் குனிந்தார். அவர் ஊரின் பெயரைச் சொன்னார். இவள் தரத்தின் பெயராகக் கேட்டாள். இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு மனநிறைவோடு பிரிந்தார்கள்.

நிச்சயத்தன்று மேலூர் வீட்டில் ஆண்கள் வெளிக்கூடத்திலும் பெண்கள் உள்கூடத்திலும் நிறைந்திருந்தார்கள். சுல்தான் பீவி மோதிரச் சிமிழை இடுப்பில் செருகி, அதன்மேல் ஒரு கையை வைத்தபடியே இருந்தாள். பஸ்ஸில் வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்தவர்களையெல்லாம் முறைத்துக்கொண்டு வந்ததில் கழுத்து வலித்தது. மோதிரம் போட்டதும் வெளிக்கூடத்தில் பள்ளிவாசல் ஹஜ்ரத்து பாத்திஹா ஓதி நிச்சயத்தை முடித்து வைப்பார்.

பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவள் ஜெயினம்புவின் தங்கை ரகுமத்து. கலகலவென்று பேசுகிறவள். காதில் போட்டிருந்த கம்மல் அவள் தலையை ஆட்டும்போதெல்லாம் பளீர் பளீரென்று அடித்தது. இது என்ன வைரமா, இவ்வளவு வசதியா இவர்களுக்கு என்று சுல்தான் பீவி ஓரக்கண்ணால் பார்த்தபடி பேச்சுக் கொடுத்தாள்.

"நீங்க மேலூர்லதான் இருக்கீகளா?"

"இல்ல சம்மந்தி, சிலோன்ல. எங்க வீட்டுக்காரரு மாத்தறையில ஜவுளிக் கடை வச்சிருக்காரு. இந்த விசேசத்துக்குன்னே கப்பல் ஏறி வந்தேன்."

சுல்தான் பீவியின் கை இடுப்புச் சிமிழின்மேல் இறுகியது.

"எங்க வச்சிருக்காரு?"

"மாத்தறையில. ஊரு பேரு. காலி பட்டணத்துக்கு அங்கிட்டு, கடலை ஒட்டி."

"மாத்தறைங்கிறது ஊரா?"

"பின்ன என்னவாம்?" ரகுமத்து சிரித்தாள்.

"அங்க வைரம் எடுக்கிறாகளா?"

"வைரமா! ஒரு வெள்ளைக் கல்லு எடுக்கிறாக. கப்பல்ல வர்ற தொரைமாருக்கு மாத்தறை வைரம்னு பேரு சொல்லி விப்பாக. நமக்கெல்லாம் வெலை சல்லிசு. இந்தா, எங்காதுல கெடக்கே, இதான்" என்று கம்மலைத் திருகிக் காட்டினாள்.

அதே சிவப்பு. அதே நீலம். சுல்தான் பீவி கம்மலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஷேக் தாவூது சொன்னதும் ஆசாரி கேட்டதும் தான் பெருமையாகச் சொன்ன பதிலும் ஒன்றின் பின் ஒன்றாக வந்து நின்றன. தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிக் கொல்லைப்பக்கம் போய், ஆள் விட்டுத் தம்பியைக் கூப்பிட்டாள்.

"பீரு, நான் ஏமாந்துட்டேன்டா. இது வைரமில்ல."

பீர் முகமதுக்கு அதிர்ச்சியைவிட ஆச்சரியம்தான் அதிகம். "நீங்களா? ஏமாந்தீங்களா?"

"வாயை மூடு. நான் போய்ச் சொல்லிறப் போறேன்."

"என்னன்னு?"

"இது வைரமில்லன்னு. தெரிஞ்சே போட்டா எனக்கும் அந்தத் தாவூதுக்கும் என்ன வித்தியாசம்?"

"அக்கா, கல்யாணம் நின்னு போச்சுன்னா?"

"நின்னா நிக்கட்டும்."

"ஒங்களுக்கென்ன, நிக்கட்டும்பீங்க. கல்யாணம் எனக்குல்ல!" என்றான் அவன். அவன் பதறியதைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது, தம்பிக்கு இந்தப் பெண்மேல் ஆசை விழுந்துவிட்டது என்று. ஒரு நொடி அவள் மனசு தடுமாறியது. யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? அந்தக் கல் பளபளக்கத்தான் செய்கிறது. பிறகு அந்தப் பித்தளை அண்டாவை வாங்கிப் போனவரின் முகம் அவள் கண்முன் வந்தது. அவரும் இப்படித்தான் ஒரு நொடி யோசித்திருப்பார்.

உள்ளே போனாள். எல்லார் முன்னாலும் சிமிழைத் திறந்து வைத்தாள். பெண்கள் "யா அல்லா, என்ன வெளிச்சம்!" என்றார்கள். ஜெயினம்புவின் உதட்டின் இரண்டு பக்கமும் முதல் தடவையாக ஒன்றாகச் சிரித்தன.

"சம்மந்தி" என்றாள் சுல்தான் பீவி. தன்னை ஒருத்தன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்வது, பல் பிடுங்குகிற வலியைப் போல இருந்தது அவளுக்கு. "வைரம் போடுறேன்னு சொன்னேன். வைரம்னு நெனச்சுத்தான் வாங்குனேன். இது வைரமில்ல. சிலோன் கல்லு. இப்பத்தான் தெரிஞ்சது. எனக்குக் கொஞ்சம் தவணை குடுங்க, நிஜ வைரத்தைக் கொண்டாந்து போடுறேன்."

ஜெயினம்பு மோதிரத்தைப் பார்த்தாள். சுல்தான் பீவியைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்த உதடுகள் மெல்ல மூடின. கண்கள் சுருங்கின. அந்தச் சுருக்கம் சுல்தான் பீவிக்கு நன்றாகத் தெரியும். வளையலைச் சுண்டும்போது அவளுடைய கண்களும் அப்படித்தான் சுருங்கும்.

"இம்புட்டுப் பளபளங்குது, இது வைரமில்லையா?"

"இல்ல சம்மந்தி."

"திருப்பிக் கொண்டு போறேங்கிறீக."

"ஆமா, மாத்தி..."

"மாத்தி!" ஜெயினம்பு மோதிரத்தைச் சட்டென்று எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். "பார்த்தீகளா, மாத்திக் கொண்டாராகளாம்! இம்புட்டுப் பெரிய வைரத்தை வளத்த தம்பிக்காக வாங்கிட்டாக, கொண்டாந்து வச்சதும் மனசு வரல. ஒரு மூக்குத்திக் கல்லைக் கொண்டாந்து தள்ளிறலாம்னு பார்க்கிறாக!"

"அல்லா மேல ஆணை, நான் அப்படி..."

"அக்கா, அது மாத்தறைக் கல்லுதான். எங்காதுல கெடக்கிறது மாதிரியே இருக்கு பாரு" என்றாள் ரகுமத்து குனிந்து பார்த்து.

"நீ சும்மா இருடி. ஒன் காதுல கெடக்கிறதும் வைரமாத்தான் இருக்கும். ஒன்கிட்டச் சொன்னா ஊரெல்லாம் சொல்லிருவேன்னு ஒன் புருசன் கல்லுன்னு சொல்லி வச்சிருக்கான்."

ரகுமத்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, முதல் தடவையாகத் தன் புருஷனைப் பற்றி யோசிக்கத் தொடங்கினாள்.

அதுவரை தலைகுனிந்து உட்கார்ந்திருந்த மெஹருன்னிசா முக்காட்டுக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னாள்: "மதினி, என்ன கல்லா இருந்தாலும் போடுங்க. வெளியில ஹஜ்ரத்து ரொம்ப நேரமாக் காத்திருக்காக."

ஜெயினம்பு கையை விரித்தாள், முழுதாக அல்ல, மோதிரம் எடுக்கும் அளவுக்கு மட்டும். சுல்தான் பீவி அதை எடுத்துப் பெண்ணின் விரலில் போட்டபோது, எங்கே இடுப்புக்குள் மாற்றிவிடுவாளோ என்று ஜெயினம்பு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வாழ்நாளில் யாரும் தன்னை அப்படிப் பார்த்ததில்லை என்று சுல்தான் பீவிக்குத் தோன்றியது. அது எவ்வளவு எரியும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. கல்யாணம் முடிந்த கையோடு ஜெயினம்பு அந்த மோதிரத்தை மகள் விரலிலிருந்து கழற்றி, மேலூர் வீட்டு இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். மதுரையில் இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாகக் கல்லை மாற்றிவிடுவார்கள் என்று அவளுக்கு உறுதி. "வேணும்னா ஒங்க ஆள வச்சே ஒரு ஆசாரிகிட்டக் காட்டிப் பாருங்களேன்" என்று சுல்தான் பீவி எத்தனையோ தடவை கெஞ்சினாள். "எந்த ஆசாரி கையிலயும் குடுக்க மாட்டேன். பார்க்கிறேன்னு மாத்திப்புடுவான்" என்பதுதான் பதில். அதற்குமேல் சுல்தான் பீவியால் ஒன்றும் சொல்ல முடியாது. அந்த நியாயம் அவளுடைய நியாயம்.

ஷேக் தாவூதை அவள் சும்மா விடவில்லை. அடுத்த தடவை அவன் வந்தபோது சந்து முனையிலேயே பிடித்துக்கொண்டாள். "மாத்தறை வைரம்னுதானே மதினி சொன்னேன்? மாத்தறையில எடுத்ததுதானே அது? நீங்க கேட்கலையே!" என்றான் அவன். இத்தனை கேள்வி கேட்கிறவள் அந்த ஒன்றைக் கேட்கவில்லை என்பது உண்மைதான். அவன் கொண்டுவந்த சோப்பை மட்டும் அவள் வாங்கவில்லை.

ஆனால் வைரம் போடுகிறேன் என்று அவள் சொன்ன சொல் பாக்கி இருந்தது. மறு வருஷம் சீட்டு எடுத்ததும் சுடலை ஆசாரியிடம் போனாள். நடந்ததைக் கேள்விப்பட்டிருந்த ஆசாரி இந்தத் தடவை உஷாராக இருந்தார்.

"என்ன கல்லு வேணும்னு வாயைத் தெறந்து சொல்லிப்புடுங்க ஆத்தா. நானா ஒண்ணும் புரிஞ்சுக்க மாட்டேன்."

"வைரம். ஊரு பேரு ஒண்ணும் வேணாம். வெறும் வைரம்."

அவர் காட்டிய பழைய கல் எப்போதோ விற்றுப்போயிருந்தது. இருந்தது அதைவிடவும் சின்னது. அதை மெல்லிய மோதிரத்தில் பதிக்கச் சொல்லி, தம்பி பெண்டாட்டி விரலில் தானே போட்டுவிட்டாள். சேதி மேலூருக்குப் போனது. ஜெயினம்பு அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கி, மகள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "இந்தப் பொட்டு மாதிரிக் கல்லைக் குடுத்துட்டு என் பெட்டியில இருக்கிறதக் கேட்பாக. குடுத்துறாத" என்று மகள் காதில் சொன்னாள். அடுப்படியில் இருந்த சுல்தான் பீவிக்கு அது நன்றாகவே கேட்டது.

ஒரு நாள் திருப்பரங்குன்றத்தில் விற்றுவிட்டு வந்து கூடையை இறக்கியவள், மெஹருன்னிசா அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். விரலில் அந்த வைரம். கல்லைச் சுற்றிலும் மசாலா அப்பிக் கல்லே தெரியவில்லை.

"ஏம்மா! வைரத்தைப் போட்டுக்கிட்டா அம்மி அரைக்கிறது? கழட்டி வச்சா என்ன?"

"எங்க மதினி வைக்கிறது? வச்சா எங்கம்மா வந்து எடுத்துக்கிட்டுப் போயி இதையும் பெட்டியில பூட்டிருவாக" என்றாள் மெஹருன்னிசா, அரைப்பதை நிறுத்தாமல்.

சுல்தான் பீவி வாசல் கதவு தாழ் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து, கூடையைப் பிரித்து வளையல்களை ஒவ்வொன்றாகச் சுண்டத் தொடங்கினாள்.